இரண்டு பெயருள்ள பெண்கள்: கன்னியர் மடப் பள்ளிகள் பற்றிச் சில குறிப்புகள்

1

'கான்வென்ட்' என்ற சொல் தமிழில் இரண்டு பொருளில் புழங்குகிறது. டை கட்டிய பிள்ளைகள் ஆங்கிலம் பேசப் பழகும் கட்டணப் பள்ளி என்பது ஒன்று. தெருவுக்குத் தெரு முளைத்த நர்சரிப் பள்ளிகளுக்கெல்லாம் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நடத்துகிறவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மற்றது சொல்லின் பழைய பொருள்: கன்னியர் மடம். சுற்றி மதில், உள்ளே ஒரு சிற்றாலயம், அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பெண்கள் பள்ளி, பக்கத்தில் ஒரு போர்டிங். நம் சினிமாவுக்கும் கதைகளுக்கும் முதல் கான்வென்ட்தான் தெரியும். சென்னை சர்ச் பார்க் பள்ளி என்றால் ஜெயலலிதா படித்த இடம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் பனையேறிகள், மீனவர்கள், நெசவாளர்கள், விவசாயக் கூலிகள் ஆகியோரின் பெண்பிள்ளைகளை ஆசிரியப் பயிற்சிக்கும் நர்சு வேலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது இரண்டாவது கான்வென்ட்.

அப்படியொரு பள்ளியில் 1970 முதல் 1976 வரை, ஆறாம் வகுப்பிலிருந்து பழைய பதினொன்றாம் வகுப்பு வரை, போர்டிங்கில் தங்கிப் படித்தவள் நான். தென்மாவட்டச் சிறுநகரம். பள்ளியின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவது அந்த ஒரு பள்ளியோடு முடிகிற சங்கதி அல்ல.

இந்தப் பள்ளிகளைப் பற்றிப் பேச நம்மிடம் இரண்டு மொழிகள்தான் இருக்கின்றன. ஒன்று நன்றியின் மொழி. வெள்ளிவிழா மலர்களிலும் பழைய மாணவியர் கூட்டங்களிலும் கேட்கலாம்: "சிஸ்டர் இல்லேன்னா நாங்க இல்ல." இன்னொன்று வசையின் மொழி: மதமாற்றத் தொழிற்சாலை. 2025 ஜூலையில் சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் கேரளத்தைச் சேர்ந்த கன்னியர் இருவர் மதமாற்றம், ஆள்கடத்தல் என்ற குற்றச்சாட்டுகளில் கைதானபோது இரண்டாவது மொழி எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று பார்த்தோம். இந்த நேரத்தில் மடத்தின் உள்விவகாரங்களைப் பேச வேண்டுமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். "அவனுக நம்ம வாயிலேர்ந்து பிடுங்கி நம்மளயே அடிப்பானுக" என்றார் ஒருவர். பயம் நியாயமானதுதான். ஆனால் இந்த நியாயத்தைச் சொல்லிச் சொல்லியே ஒரு சாராரின் அனுபவம் ஐம்பது வருடமாகப் பேசப்படாமல் இருக்கிறது. பேசாமலிருக்கும் செலவை எப்போதும் அவர்களே ஏற்க வேண்டியிருப்பது ஏன்? அதனால் எழுதுகிறேன். நான் சாதிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். அந்தச் செலவை ஏற்காதவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2

முதலில் கொஞ்சம் வரலாறு. 1842இல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைக் கன்னியர் சென்னைக்கு வந்து, அன்று கறுப்பர் பட்டணம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனில் பள்ளி நடத்தத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அவர்களுடைய அக்கறை பெரும்பாலும் கம்பெனிப் படையிலிருந்த ஐரிஷ்காரர்களின் பிள்ளைகள் மீதுதான். இரண்டே ஆண்டு கழித்து, 1844இல், புதுச்சேரியில் நடந்தது வேறு காரியம். அங்கே கூடிய குருக்கள் மாமன்றம் கல்வியைப் பற்றி விவாதித்தது. அதே ஆண்டில் துப்புயி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்கென்று உள்நாட்டுப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். புதுச்சேரி மிஷன் அச்சகத்தை நடத்தியவர், தமிழ் - பிரெஞ்சு அகராதி செய்தவர்களில் ஒருவர் என்று தமிழ் அச்சு வரலாறு இவரை அறியும்.

1842க்கும் 1844க்கும் உள்ள வித்தியாசம் பெரியது. முன்னது கப்பலில் வந்து இறங்கிய நிறுவனம். பின்னது தமிழ்ச் சமூகத்தில் அதுவரை இடமே இல்லாத ஒரு பெண்ணை உருவாக்கியது: கல்யாணம் ஆகாதவள், ஆகப்போகாதவள், எழுதப் படிக்கத் தெரிந்தவள், அதைப் பிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். எழுத்துப் படித்த பெண் என்றால் அன்று ஊரார் கண்ணுக்குத் தெரிந்தவள் தேவதாசிதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய வழக்கங்களைப் பற்றி எழுதிய அபே துபுவா இதைப் பதிவு செய்திருக்கிறார். குடும்பப் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்ற கேள்விக்குள்ளே 'அவள் என்ன தாசியா?' என்ற கேள்வி ஒளிந்திருந்தது. கன்னியின் உடுப்பு இந்தக் கேள்விக்கு ஒரு பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. தலையும் உடலும் மூடிய அந்த உடுப்புதான் எழுத்தைத் தாசியிடமிருந்து பிரித்தெடுத்துக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தது. இதற்குக் கொடுத்த விலை, படித்த பெண்ணின் உடல் மறைக்கப்பட்டாக வேண்டிய உடல் ஆனது. தாசியை வெளியே நிறுத்தித்தான் பள்ளிக்கூடத்தின் கதவு திறந்தது.

புராட்டஸ்டண்ட் மிஷன்கள் பெண்கல்வியில் இதற்கு முன்பே இறங்கிவிட்டன. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் லேஸ் பின்னலும் தொடங்கியது 1820களை ஒட்டி. ஆனால் அங்கே முன்மாதிரி மிஷனரியின் மனைவி. கத்தோலிக்கப் பள்ளியின் முன்மாதிரிக்குப் புருஷன் இல்லை. திருச்சியில் 1858இல் தொடங்கிய புனித அன்னாள் சபை கைம்பெண்களுக்காக ஒரு கைம்பெண் தொடங்கியது. மறுமணத்துக்கு வழியில்லாமல் வீட்டு மூலையில் கிடக்க வேண்டியவளுக்கு ஒரு வேலை, ஒரு கூட்டம், ஒரு சமையற்கட்டு கிடைத்தது. 1897இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மரி லூயிஸ் தெ மீஸ்டர் இன்றைய குமரி மாவட்டத்து முளகுமூட்டில் தொடங்கிய சபை அனாதைப் பிள்ளைகளையும் பெண்களின் கைவேலையையும் மையமாக வைத்து வளர்ந்தது. ஊசியும் எழுத்தும் சேர்ந்தே வந்தன.

இன்னொன்றும் கூடவே வந்தது. 1854இன் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு மானியம் தருவதைக் கொள்கையாக்கியது. 1882இன் ஹண்டர் கமிஷன் பெண்கள் பள்ளிகளுக்கு இன்னும் தாராளமான விதிகளில் மானியம் தரச் சொன்னது. மானியம் வந்தால் இன்ஸ்பெக்டர் வருவார். இன்ஸ்பெக்டர் வந்தால் ரெஜிஸ்டர் வேண்டும். பெயர், தகப்பன் பெயர், மதம், சாதி. கோயிலில் ஏற்கெனவே ஒரு ஞானஸ்நானப் பதிவேடு இருந்தது. இப்போது பள்ளியில் ஒரு பதிவேடு. ஒரே பெண்பிள்ளை இரண்டு புத்தகங்களில் எழுதப்பட்டாள். இரண்டிலும் ஒரே பெண்ணாக எழுதப்பட்டாளா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

3

போர்டிங்கில் எங்கள் வாழ்க்கையை நடத்தியது மணி. காலை ஐந்துக்கு எழுப்பும் மணி, பூசை மணி, ஸ்டடி மணி, சாப்பாட்டு மணி, நண்பகலில் மூவேளை செபத்துக்கு மணி, இரவு செபத்துக்குப் பிறகு மௌனத்துக்கு ஒரு மணி. நண்பகல் மணி அடித்தால் கணக்கு டீச்சர் பாதிக் கணக்கில் சாக்பீசைக் கீழே வைத்துவிடுவார். கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நிற்போம். இந்துப் பிள்ளைகளுக்கும் செபம் மனப்பாடம். அவர்களில் ஒருத்திதான் எங்களில் யாராவது தடுமாறினால் எடுத்துக்கொடுப்பாள்.

நவீன ஒழுங்கின் கருவிகளில் ஒன்றான கால அட்டவணை மடங்களிலிருந்து பள்ளிக்கும் பட்டறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது என்கிறார் ஃபூக்கோ, 1975இல் வெளிவந்த தன் சிறைச்சாலை ஆய்வில். எங்கள் விஷயத்தில் அது எங்கிருந்தும் எங்கும் போகவில்லை. மடமும் பள்ளியும் ஒரே மதிலுக்குள் இருந்தன. சிஸ்டர்களும் அதே மணிக்குத்தான் எழுந்தார்கள், அதே மணிக்குத்தான் வாயை மூடினார்கள். கண்காணித்தவர்களும் கண்காணிக்கப்பட்டார்கள். இதைத் தவறவிட்டால் மடத்தைச் சிறைச்சாலை என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

கண்காணிப்பு இருந்தது, கடுமையாகவே இருந்தது. வீட்டிலிருந்து வரும் கடிதங்கள் பிரிக்கப்பட்டுத்தான் எங்கள் கைக்கு வரும். நாங்கள் எழுதுவதை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். குளிக்கும்போது பாவாடையை மார்பு வரை கட்டிக்கொண்டுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில்கூட. இரண்டு பேர் சேர்ந்தே திரிந்தால் போர்டிங் சிஸ்டர் கூப்பிட்டு, "என்ன, ஒட்டிக்கிட்டே அலையிறீங்க?" என்பார். 'தனிச் சிநேகம்' என்று இதற்குப் பெயர். அந்தச் சொல்லின் அர்த்தம் பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

உடலைப் பற்றிய பாடம் மரிய கொரற்றியின் கதையாக வந்தது. இத்தாலியில் 1902இல், தன்னை வல்லுறவு செய்ய முயன்றவனை எதிர்த்ததற்காகக் குத்திக் கொல்லப்பட்ட பதினொரு வயதுச் சிறுமி. 1950இல் புனிதையாக அறிவிக்கப்பட்டாள். கற்புக்காக உயிரை விட்டாள், சாகும்போது அவனை மன்னித்தாள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. கற்பு என்ற சொல் தமிழில் தனியாக வருவதில்லை; கண்ணகியை இழுத்துக்கொண்டுதான் வரும். தமிழ் வகுப்பில் கண்ணகி மதுரையை எரிப்பாள், அடுத்த பீரியடில் கொரற்றி மன்னிப்பாள். எட்டாம் வகுப்பில் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "பதினொரு வயசுப் பிள்ளை சிஸ்டர் அது. அவன் செஞ்சதுக்கு அது எதுக்கு மன்னிக்கணும்?" சிஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "உக்காரு" என்றார். அடிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் என்ன இருந்தது என்று நான் இன்றுவரை யோசிப்பதுண்டு. அந்த சிஸ்டருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

4

கேள்வி கேட்டவள் என் பக்கத்துப் பாய்க்காரி. போர்டிங்கில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். ஆறு வருடமும் அவள் என் இடதுபக்கம். அவளுக்கு இரண்டு பெயர். ஊரில், கோயிலில், எங்கள் பாய் வரிசையில் ஒரு பெயர். அது ஒரு புனிதையின் பெயர். ரெஜிஸ்டரில் வேறு பெயர். அது ஒரு அம்மனின் பெயர். இரண்டையும் இங்கே எழுதப்போவதில்லை.

வாரத்தில் சில நாள் கடைசி பீரியடில் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், மற்றவர்களுக்கு நீதிபோதனை. இந்தப் பிரிவினைக்குப் பின்னால் அரசியல் சட்டம் இருக்கிறது. அரசின் நிதியுதவி பெறும் பள்ளியில் எந்த மாணவரையும் அவரது, சிறுவராக இருந்தால் பெற்றோரது, சம்மதம் இல்லாமல் மதபோதனையில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது 28ஆம் பிரிவு. நல்ல சட்டம். ஆனால் யார் எந்த மதம் என்பதை ரெஜிஸ்டர்தானே சொல்ல வேண்டும்? ரெஜிஸ்டரில் அவள் இந்து. அதனால் மணி அடித்ததும் எழுந்து நீதிபோதனை அறைக்குப் போவாள். அங்கே போய் உண்மை பேசுவதைப் பற்றியும் நேரம் தவறாமை பற்றியும் படிப்பாள். காலையில் எங்களோடு முழங்காலில் நின்று நன்மை வாங்கியவள் அவள். சின்னக் குறிப்பிடம் முழுக்க அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவள் பாட்டி சொல்லிக்கொடுத்தது.

அந்தப் பாட்டியின் செபங்களிலும் ஒரு சிக்கல் இருந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. கூடவே கத்தோலிக்கத் தமிழும் மாறியது. பூசை 'திருப்பலி' ஆனது. சர்வேசுரன் 'இறைவன்' ஆனார். இஸ்பிரித்து சாந்து 'தூய ஆவி' ஆனார். சற்பிரசாதம் 'நற்கருணை' ஆனது. மொழிப் போராட்டம் நடந்துமுடிந்த தமிழ்நாட்டில் இந்த மாற்றம் இயல்பானதாக, முற்போக்கானதாகத் தெரிந்தது. எங்கள் தமிழாசிரியை பூரித்துப்போனார். ஆனால் ஒவ்வொரு மொழிச் சீர்திருத்தமும் ஒரு தராசைக் கொண்டுவருகிறது. புதுச் செபம் அச்சடித்த புத்தகத்தில் இருந்தது. புத்தகம் வாசிக்கத் தெரிந்தவர்களிடம் இருந்தது. எழுத்துத் தெரியாத பாட்டிகள் காதால் கேட்டு, மூன்று தலைமுறையாக வாயால் கடத்திவந்த பழைய செபம் ஒரே வருடத்தில் 'பட்டிக்காட்டுச் செபம்' ஆகிவிட்டது. என் பாய்க்காரி இருட்டில் முணுமுணுக்கும்போது சர்வேசுரன் என்றுதான் சொல்வாள். மற்ற பிள்ளைகள் சிரிப்போம். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். புதுப் புத்தகம் வந்த வாரமே வாங்கிவிட்டார்.

தனித்தமிழ் ஆக்கத்தை நான் குறை சொல்லவில்லை. லத்தீனிலும் போர்ச்சுகீசிலும் சமஸ்கிருதத்திலும் செபித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. யாருடைய ஞாபகம் பிழை என்று திருத்தப்பட்டது என்று மட்டும் கேட்கிறேன்.

5

அவளுக்கு ஏன் இரண்டு பெயர்? காரணம் 1950 ஆகஸ்டில் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை. இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று அது சொன்னது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியேதான். தமிழ்நாட்டில் பட்டியல் சாதிகளிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவிவிட்டது என்பது அரசின் தருக்கம்.

கழுவியதா? 1623இலேயே ரோமாபுரி, நொபிலியின் மதுரை மிஷன் வழக்கில், பூணூல், குடுமி போன்ற சாதி அடையாளங்களை நிபந்தனைகளோடு அனுமதித்தது. வடக்கன்குளத்தில் இரண்டு சாதிகள் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரண்டு கால்களாகப் பிரிந்த கோயிலே கட்டப்பட்டது. உள்ளே இருந்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. தனிக் கல்லறை, தனித் தெருவில் திரும்பிவிடும் தேர் ஆகியவற்றை எதிர்த்துத் தலித் கிறிஸ்தவர்கள் நடத்திய போராட்டங்களை 1990களில் சிற்றிதழ்கள் எழுதின. ஆக, அரசு 'நீ கிறிஸ்தவள், உனக்குச் சாதி இல்லை' என்றது. கோயில் 'நீ கிறிஸ்தவள், ஆனால் அந்தத் தெரு' என்றது. இரண்டு வாய்களுக்கு நடுவில் ஒரு குடும்பம் தன் பெண்ணைப் படிக்க வைக்கக் கண்டுபிடித்த வழிதான் அந்த அம்மன் பெயர். அந்தப் பெயருக்கு அரிசன நலத்துறையின் உதவித்தொகை வந்தது. மிச்சக் கட்டணத்துக்கு அவள் சமையற்கட்டில் வேலை செய்தாள். அமெரிக்க உதவியாக வந்த கோதுமை ரவையை விடியற்காலையில் பெரிய அண்டாவில் கிளறுவது இந்த 'சமையற்கட்டுப் பிள்ளைகள்' வேலை. நாங்கள் எழும்போது உப்புமா தயாராக இருக்கும். ஏன் எப்போதும் அதே தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகளே அண்டாவுக்கு முன்னால் நின்றார்கள் என்று ஆறு வருடத்தில் ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. சாதி தெரியாமல் வளர்ந்தோம் என்று எங்கள் பழைய மாணவியர் கூட்டத்தில் யாராவது பெருமையாகச் சொல்லும்போது எனக்கு அந்த அண்டாதான் ஞாபகம் வருகிறது. தெரியாமல் வளர்வதற்கு வசதி வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் அவள் மடத்தில் சேர ஆசைப்பட்டாள். 'அழைத்தல்' என்பது திருச்சபையின் சொல். என்னிடம் முதலில் சொன்னாள், இரவு மௌன மணிக்குப் பிறகு, பாய்க்குள்ளிருந்து: "நானும் சிஸ்டரா ஆகணும்டி. யார்ட்டயும் சொல்லிறாத." அவள் ஆசையில் பக்தி எவ்வளவு, கல்யாணத்திலிருந்தும் களத்துமேட்டிலிருந்தும் தப்பிக்கும் வழி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு அருகதை இல்லை. வெள்ளை உடுப்பில் ஒரு பெண் சாவிக்கொத்தோடு நடந்துபோவதைப் பார்த்து எங்களில் பாதிப்பேருக்கு அந்த ஆசை வந்திருக்கிறது. எனக்கும் வந்தது, என்னை அவர்களே கூப்பிட்டுக் கேட்டார்கள்.

அவளைக் கேட்கவில்லை. அவளாகப் போய்ச் சொன்னாள். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள், கொண்டுவந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு வைத்துப் பார்த்தார்கள். பெயர் ஒத்துப்போகவில்லை, மதமும் ஒத்துப்போகவில்லை. "சலுகைக்காகக் கடவுள மறைச்சவளக் கடவுள் எப்படிம்மா கூப்பிடுவாரு?" இது அவள் திரும்பிவந்து என்னிடம் சொன்ன வாக்கியம். யார் சொன்னார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. சொன்னவர் தன் மனசாட்சிப்படி நேர்மையாகத்தான் சொல்லியிருப்பார்.

இங்கேதான் நான் நிறுத்திக் கேட்க விரும்புகிறேன். அந்த வாக்கியத்தைச் சொன்னவருக்கும் இரண்டு பெயர் உண்டு. வத்திக்கான் சங்கத்துக்கு முந்தைய வழக்கப்படி, பல சபைகளில், உடுப்பு வாங்கும் நாளில் பழைய பெயரைக் களைந்து ஒரு புனிதரின் பெயரைக் கொடுப்பார்கள். பள்ளிக்கும் மடத்துக்கும் அந்தப் பெயர். அரசாங்கச் சம்பளப் பட்டியலில் மட்டும் சான்றிதழிலுள்ள பழைய பெயர். எங்கள் சிஸ்டர்களின் வீட்டுப் பெயர்களைத் தேர்வு வேலைக்கு வந்த ஒரு குமாஸ்தா உரக்க வாசித்தபோதுதான் தெரிந்துகொண்டோம்; வாயைப் பொத்திச் சிரித்தோம். சிஸ்டரின் இரண்டாவது பெயர் துறவின் அடையாளம். என் பாய்க்காரியின் இரண்டாவது பெயர் பொய்யின் அடையாளம். இரண்டு பெண்களும் தாங்கள் பிறந்த நிலையிலிருந்து வெளியேறத்தான் இன்னொரு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்றைத் திருச்சபை கொடுத்தது, இன்னொன்றைத் தாலுகா ஆபீஸ் கொடுத்தது. மரியாதையும் குற்றமும் இப்படித்தான் பங்கிடப்பட்டன.

மடத்துக்குள்ளும் படிநிலை புதிதல்ல. ஐரோப்பியச் சபைகள் பலவற்றில் செபிக்கும் கன்னியர், வேலை செய்யும் கன்னியர் என்று இரண்டு தட்டு இருந்தது. 1917இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அடைப்பு மடங்களில் சேரும் பெண் சீதனம் கொண்டுவர வேண்டும் என்றது. கிறிஸ்துவின் மணவாட்டிக்கும் சீதனம்! 1983இன் புதிய தொகுப்பில் அந்த விதி இல்லை. 1965இல் துறவறம் பற்றி வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு இரட்டைத் தட்டை ஒழிக்கச் சொன்னது. ஐரோப்பாவின் வர்க்கப் படிநிலைக்குத் திருச்சபையின் ஏட்டில் பெயர் இருந்தது, அதனால் அதை ஒழிக்கவும் முடிந்தது. இங்கே நம் மடங்களில் இருந்ததற்கு ஏட்டில் பெயர் இல்லை. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோதுதான், மடத்துக்குள் போய் வெளியே வந்த ஒரு தலித் பெண் அதற்குப் பெயர் வைத்தார். இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கையை வெளியிட 2016 ஆகிவிட்டது.

6

இவ்வளவு சொன்ன பிறகும், அந்த மதிலுக்குள் நான் பார்த்த இன்னொன்றைச் சொல்லாவிட்டால் வரலாறு பாதியாகிவிடும். தாளாளர் ஒரு பெண். தலைமையாசிரியை ஒரு பெண். கணக்கு எழுதியவர், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியவர், கட்டடம் கட்ட வந்த மேஸ்திரியிடம் சிமெண்ட் மூட்டையை எண்ணி வாங்கியவர் எல்லாரும் பெண்கள். ஒரு சிஸ்டர் மோட்டார் ரிப்பேர் பார்ப்பார். கல்வி அதிகாரி வந்தால் மதர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார். எங்கள் அம்மாக்கள் யாரும் ஒரு ஆண் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்ததை நாங்கள் பார்த்ததில்லை. எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத பாடம் இது. கீழ்ப்படிதலைக் கற்றுக்கொடுத்த இடத்திலேயே, புருஷன் இல்லாமல் ஒரு பெண் உலகம் நடக்கும் என்பதையும் கற்றுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை சாமியார் பூசை வைக்க வந்தால் அதே மதர் ஓரமாக ஒதுங்கி நிற்பார் என்பதையும் சேர்த்துத்தான்.

அந்தப் பெண்களின் கையில் காசு இருந்ததா? அரசு கொடுத்த ஆசிரியர் சம்பளம் ஏழ்மை வார்த்தைப்பாட்டின்படி சபைக்குப் போனது. இது நீதிமன்றம் வரை போன விஷயம். உதவி பெறும் பள்ளிகளில் வேலை செய்யும் கன்னியர், குருக்கள் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கில், துறவு வார்த்தைப்பாடு கொடுத்தவர் திருச்சபைச் சட்டப்படி 'சிவில் மரணம்' அடைந்தவர், சம்பளம் அவருடையதே அல்ல என்று சபைகளின் தரப்பு வாதிட்டது. 2019இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அதை ஏற்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் வரி பிடிக்கலாம் என்று உறுதி செய்தது. நாற்பது வருடம் பாடம் நடத்திய ஒரு பெண்ணை, அவள் சம்பளத்தைப் பொறுத்தவரை இறந்தவள் என்று அவளுடைய சபையே நீதிமன்றத்தில் சொல்ல நேர்ந்தது. இதைப் பற்றி நம் பெண்ணிய வட்டங்களில் ஒரு விவாதமும் நடந்ததாகத் தெரியவில்லை.

அதே 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பும் சொன்னது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண். குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். தாம் இந்து என்று சொல்லி, எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். கிறிஸ்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. துப்புயி 1844இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய அதே புதுச்சேரி.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். ஒரு ஆளுக்கு ஒரு பெயர்தான் என்று அரசு இருவரிடமும் சொல்கிறது. சட்டத்தின் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் கன்னிக்கு இதில் போவது வரிப்பணம். அவர் துறவுப் பெயரை யாரும் பிடுங்கவில்லை. மற்றவருக்குப் போவது வேலை. மோசடி என்ற சொல்லும் அவர் ஒருவருக்குத்தான். 1950இன் ஆணையை எதிர்த்த வழக்கு 2004இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இதை ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. இதற்கிடையில் எத்தனை பெண்பிள்ளைகள் இரண்டு பெயரோடு படித்து முடித்திருப்பார்கள்?

என் பாய்க்காரி மடத்தில் சேரவில்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சில வருடம் முன்பு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே பணி ஓய்வுப் பாராட்டு மடல். மடலில் அம்மனின் பெயர். இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எழுது. ஆனா என்னய பாவம்னு எழுதாத. அந்தப் பேரு எனக்குச் சோறு போட்டுச்சு. இந்தப் பேரு எங்கப் பாட்டி வச்சது. ரெண்டுல எது பொய்யின்னு கேட்டாங்களே, அவங்ககிட்டத் திருப்பிக் கேளு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு கேள்வி வந்தது. அன்று இரவு அவள் தன் ஆசையை என்னிடம் சொன்னாள். மறுவாரம் என்னைக் கூப்பிட்டு "மடத்தில் சேர்கிறாயா" என்று கேட்டபோது, நான் அவளைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொண்டதால்தான் என்று இவ்வளவு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.